சீமாட்டி மலை ஏறினாள்

அத்தியாயம் 9

ஏற்றம் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே ஷானா ஏ.சி.யை அணைத்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்றாள் ஆர்டிஸ். "வெளியில வெயில் கொளுத்துது. நீ உள்ள அடுப்பு மூட்டுற!"

"இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுக்கும், ஆர்டிஸ். சீமாட்டிக்கு மூச்சு வாங்குது."

"அவளுக்கு மூச்சுதான் வாங்குது. நான் வெந்தே போயிட்டேன்."

சீமாட்டி என்பது அவர்கள் போய்க்கொண்டிருந்த மோட்டார் ஹோம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வயிற்றுக்குள் வைத்திருக்கும் பழைய வண்டி. பக்கவாட்டில் பழுப்புப் பட்டை. நிமிர்ந்த நடையும் நிறைய வீம்பும் உள்ளவள் என்று ஆர்டிஸின் காலஞ்சென்ற கணவர் வைத்த பெயர் அது.

இந்த இரண்டு பெண்களும் இந்த வண்டிக்குள் எப்படி வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே ஏறுவோம்.

ஆர்டிஸின் மகன் கென்ட், ஷானாவின் கணவனாக இருந்தவன். பனிக்காலத்தில் ஜில்லெட் நகரத்து நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கே மிஸ்டி என்ற பெண்ணோடு குடியேறிவிட்டான். விவாகரத்து ஆயிற்று. நெப்ராஸ்காவில் இருந்த வீடு கைமாறியது. பள்ளிக்கூடச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சமைத்துப் போட்ட ஷானாவுக்குத் தங்க இடமில்லாமல் போயிற்று.

அப்போதுதான் மலைக்கு அந்தப் பக்கம், பயணிகள் வந்து கூடாரம் போட்டுத் தங்கும் வில்லோ பார் என்ற முகாம் மைதானத்தில் கோடை முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று தெரிந்தது. கழிப்பறை கழுவ வேண்டும், விறகு விற்க வேண்டும், கரடி வரும் என்று வருகிறவர்களை மிரட்டி வைக்க வேண்டும். சொந்தமாகக் குடியிருக்க ஒரு வண்டி இருந்தால் வேலை. இன்று மாலைக்குள் வந்து சேராவிட்டால், வரிசையில் நிற்கும் ஐடஹோ மாநிலத்துத் தம்பதிக்குப் போய்விடும்.

வண்டி ஆர்டிஸிடம் இருந்தது. அதை விற்றுவிட கென்ட் ஆள் பார்த்து வைத்திருந்தான். ஆர்டிஸ் சாவியை மருமகள் கையில் கொடுத்தாள். கொடுத்த கையோடு தன் பெட்டியையும் உள்ளே ஏற்றிவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"வண்டிய மட்டும் அனுப்புறேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

இப்போது அந்த முன் சீட்டில்தான், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, ஒரு பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

பவுடர் ரிவர் கணவாய்க்குப் போகும் சாலை வளைந்து வளைந்து ஏறியது. இருபுறமும் பைன் மரங்கள். நிழல் விழுந்த பள்ளங்களில் போன குளிர்காலத்துப் பனி அழுக்குத் துணி மாதிரி கிடந்தது. பின்னால் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு, பளபளவென்று புது மோட்டார் ஹோம்கள் அவர்களைத் தாண்டிப் போயின. உள்ளேயிருந்து கையாட்டினார்கள். ஷானா கையாட்டவில்லை. அவள் கண் வெப்பமானியின் முள்ளிலேயே இருந்தது.

முள் சிவப்பைத் தொட்டது.

அடுத்த வளைவில் 'படார்' என்று ஒரு சத்தம். முன் கண்ணாடி முழுக்க வெள்ளை நீராவி. தித்திப்பும் காரமும் கலந்த ஒரு நாற்றம் உள்ளே புகுந்தது.

"தீ!" என்று அலறினாள் ஆர்டிஸ்.

"தீ இல்ல, ஆவி! உக்காருங்க!"

ஷானா குருட்டுத்தனமாகவே ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். வண்டி சாலையோரச் சரளையில் இறங்கிக் குலுங்கி நின்றது. கைப்பிரேக்கை இழுத்தாள். வண்டி ஒரு அடி பின்னுக்கு நழுவி, யோசித்து, நின்றது.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆர்டிஸ் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். போன வருஷம்தான் இடுப்பு எலும்பு மாற்றியிருந்தது. அந்த இடுப்போடு, ஓரத்தில் கிடந்த ஒரு மரக்கட்டையை உருட்டிக்கொண்டு போய்ப் பின் சக்கரத்துக்கு அடியில் திணித்தாள். காலால் ஓர் உதையும் விட்டாள்.

"இப்ப நழுவு பாக்கலாம்!" என்றாள் வண்டியைப் பார்த்து.

*

இன்ஜின் ஆறும்வரை கை வைக்க முடியாது. ரேடியேட்டர் மூடியை இப்போது திறந்தால் முகம் வெந்துவிடும். அது ஷானாவுக்குத் தெரியும்.

எனவே உள்ளே போய், முந்தின நாள் வைத்திருந்த சில்லியைச் சூடாக்கினாள். பீன்ஸும் இறைச்சியும் கெட்டியாக வெந்த சில்லி. கூடவே பட்டையும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிய ரொட்டி. இரண்டையும் சேர்த்துத் தின்பது அவர்கள் ஊர்ப் பழக்கம். வேறு ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த மதியம் மட்டும் ஒரு பிள்ளைகூட லீவு போடாது.

இருவரும் சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மரம் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

ஆர்டிஸ் சாப்பிடவில்லை. கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே, தாங்கள் ஏறி வந்த சாலையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"யாரைத் தேடுறீங்க?" என்றாள் ஷானா.

"யாரையும் இல்லையே."

"ஆர்டிஸ்."

ஆர்டிஸ் கிண்ணத்தை மடியில் வைத்தாள். "இன்னிக்கு கென்டோட பிறந்தநாள்."

ஷானா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"காலைல அடிவாரத்துல பஃபலோ ஊர்ல நீ பெட்ரோல் போட்டப்ப போன் பண்ணினேன். வாழ்த்து சொல்லிட்டு வச்சிடலாம்னுதான் பண்ணினேன். நீ எங்க இருக்கம்மான்னு கேட்டான். என்கிட்ட அவன் அந்தக் குரல்ல கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும். எந்த ரோடு, எந்த முகாம்..."

ஷானா எழுந்தாள். கிண்ணத்தில் இருந்த மிச்சத்தைப் புல்லில் வீசப் போனவள், கரடி நினைவு வந்து குப்பைப் பையில் கொட்டினாள்.

"ஜில்லெட்ல இருந்து பஃபலோ எவ்வளவு பக்கம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அவன் வந்து வண்டிய எடுத்துட்டுப் போனா நான் எங்க போய் படுப்பேன்னு தெரியும்ல?"

"ஷானா, அவன் என் பிள்ளை. நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நீங்க உக்காருங்க."

 இன்னும் பேசினால் ஷானா திரும்ப எடுக்க முடியாத எதையாவது சொல்லிவிடுவாள். உள்ளே போய் சமையல் கத்தியையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்து வந்தாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள்.

*

ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் குழாய் கிழிந்திருந்தது. நல்ல காலம், நடுவில் இல்லை. இன்ஜினோடு சேரும் முனையில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புக்குப் பக்கத்திலேயே, இரண்டு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது.

ஷானா குழாயை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தாள். கொஞ்சம் தொய்வு இருந்தது. கிழிந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பாகத்தை இழுத்து மாட்டினால் எட்டும். எட்டலாம்.

அவள் கிளாம்ப்பைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது பின்னால் டயர்கள் சரளையில் நெரிந்தன.

கென்டின் பிக்கப் வண்டி. அதற்குப் பின்னால், மஞ்சள் விளக்கு சுழல, பழுதான வண்டிகளை ஏற்றிப் போகும் ஒரு பெரிய இழுவை வண்டி.

கென்ட் இறங்கினான். சுரங்கத்தில் போடும் பூட்ஸைக்கூட மாற்றவில்லை. நின்ற வண்டியையும் தரையில் ஓடிய ரேடியேட்டரின் பச்சைத் தண்ணீரையும் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"எனக்குத் தெரியும். இது மலை ஏறாதுன்னு எனக்குத் தெரியும். அதான் பஃபலோவுலயே இழுவை வண்டி சொல்லி கையோட கூட்டிட்டு வந்தேன்."

"பிறந்தநாள் வாழ்த்து," என்றாள் ஷானா திரும்பாமலே.

"அம்மா, நீ நல்லாருக்கியா? இவ உன்னை வெயில்ல உக்கார வச்சிருக்கா பாரு."

"நானாத்தான்டா உக்காந்திருக்கேன். ரொட்டி இருக்கு, எடுத்துக்கோ."

கென்ட் வேண்டாம் என்று கையை வீசினான். பிறகு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போல, ஒரு ரொட்டியை எடுத்து நின்றபடியே கடித்தான். யார் சுட்டது என்று அவனுக்குத் தெரியும். விழுங்கும்போது முகத்தில் அது தெரிந்தது.

ஷானா பழைய முனையை வெட்டினாள். ரப்பர் கெட்டியாக இருந்தது. பூசணிக்காய் வெட்டுகிற மாதிரி கத்தியின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"என்ன பண்ற?" கென்ட் பக்கத்தில் வந்தான். "கத்திய வை. நீ இருபது வருஷத்துல ஒரு நட்டுகூட முடுக்கினதில்ல."

"நீ முடுக்க விட்டதில்ல." ஷானா நிமிர்ந்தாள். மூக்கில் கரி. "டார்ச் லைட்டை மட்டும் என் கையில குடுத்துடுவ. இங்க காட்டு, அங்க காட்டு, தலைய நகர்த்துன்னு கத்துவ. நீ பாத்ததெல்லாம் நானும்தான் பாத்தேன், கென்ட். வெளிச்சம் என் கையிலதான இருந்துச்சு?"

கென்ட் குனிந்து குழாயைப் பார்த்தான்.

"அது நிக்காது," என்றான். "அப்படியே நின்னாலும் அந்தப் பக்கம் இறக்கம். பள்ளத்தாக்கு. இந்த பாரத்தோட பிரேக்கு புகைஞ்சுடும். நீ செத்தா அது உன் இஷ்டம். உள்ள எங்கம்மா இருக்கா."

அவன் குரல் உண்மையாகவே நடுங்கியது. ஷானாவுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. முழுக்கக் கெட்டவனாக இருந்து தொலைந்தால் எவ்வளவு சுலபம்!

இழுவை வண்டிக்காரர் இறங்கி வந்தார். வயிறு வரை தாடி. சங்கிலியைத் தோளில் போட்டிருந்தார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏத்தலாமா?"

"ஏத்துங்க," என்றான் கென்ட்.

"வண்டி உங்களோடதா சார்?"

"எங்க அப்பாவோடது."

"அப்பா எங்க?"

"இறந்துட்டாரு."

தாடிக்காரர் ஆர்டிஸ் பக்கம் திரும்பினார். "அப்ப வண்டி உங்களோடதா மேடம்?"

 ஆர்டிஸ் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி மகனைப் பார்த்தாள். மகன் வாயோரத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தது. ஷானாவின் கை கிளாம்ப்பின் மேல் அப்படியே இருந்தது. மாமியாரைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

"அம்மா," கென்ட் குனிந்து மண்டியிட்டான். "நானும் அப்பாவும் ஒரு கோடை பூரா இந்த இன்ஜினைக் கழட்டி மாட்டினோம். உனக்கு நினைவில்ல? இதை நான் யாரோ ஒருத்திக்கு..."

"நினைவிருக்கு. அந்தக் கோடை பூரா ரெண்டு பேருக்கும் சாண்ட்விச் கொண்டாந்து குடுத்தது நான்தான்."

"அவ இப்ப நமக்கு யாரும் இல்லம்மா. கோர்ட்டே சொல்லியாச்சு."

"உனக்கு யாரும் இல்லைன்னு சொல்லியிருக்கு. எனக்கு யாருன்னு கோர்ட்டு என்னைக் கேக்கலையே."

"நீ எனக்கு அம்மாவா, அவளுக்கு அம்மாவா?"

ஆர்டிஸ் எழுந்தாள். எழும்போது இடுப்பு வலித்தது, முகம் சுளித்தாள், கென்ட் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். எழுந்ததும் கையை விட்டாள்.

"உனக்கு அம்மாதான்டா. அதனாலதான் அறையாம பேசிட்டிருக்கேன். பனி கொட்டுறப்ப எனக்கு ஆபரேஷன் ஆச்சே, நீ எங்க இருந்த? வேலைன்னு சொன்ன. சரின்னேன். அப்புறம் தெரிஞ்சுது என்ன வேலைன்னு. என்னைக் குளிப்பாட்டினது யாரு? நீ அவள விட்டுட்டுப் போயிருந்த. அவ என்னை விட்டுட்டுப் போகல. போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."



ஆர்டிஸ் தாடிக்காரரிடம் திரும்பினாள். "வண்டி என்னோடது. ஏத்த வேண்டாம்."

"சரி மேடம். ஆனா இவ்வளவு தூரம் வந்த கூலி?"

"கூப்பிட்டவன் இதோ நிக்கிறான். இன்னிக்கு அவனுக்குப் பிறந்தநாள் வேற. தாராளமா இருப்பான்."

தாடிக்குள் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது.

ஷானா குழாயின் வெட்டிய முனையை இழுத்து மாட்டி, கிளாம்ப்பை முடுக்கினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மணிக்கட்டு வலிக்கும்வரை. பிறகு மோட்டார் ஹோமின் சொந்தத் தொட்டியிலிருந்தே தண்ணீர் பிடித்தாள். காபிப் பாத்திரம், சில்லி வைத்த பாத்திரம், எல்லாவற்றிலும். ஆர்டிஸ் படியில் நின்று எடுத்து நீட்ட நீட்ட, ஷானா ரேடியேட்டரில் ஊற்றினாள். கென்ட் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றான்.

ஷானா ஏறிச் சாவியைத் திருப்பினாள். சீமாட்டி இருமினாள். இரண்டாவது முறையும் இருமல்தான்.

மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது.

ஷானா இறங்கி வந்து குழாயின் முனையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இருந்தது. துடைத்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடி ஈரம் வரவில்லை.

பானெட்டை அறைந்து மூடினாள்.

"இறக்கத்துல ரெண்டாவது கியர்ல போடு," என்றான் கென்ட். அது அவன் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்காத. மிதி, விடு. மிதி, விடு."

"தெரியும்," என்றாள் ஷானா. "கட்டைய எடு, வழிய விடு."

 கென்ட் குனிந்து பின் சக்கரத்துக்கு அடியிலிருந்த கட்டையை இழுத்து எறிந்தான்.

*

மிச்ச ஏற்றம் முழுக்க சீமாட்டி மாட்டுவண்டி வேகத்தில் ஏறினாள். பின்னால் கார்கள் வரிசை கட்டின. ஒருவன் ஹாரன் அடித்தான். ஷானா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி, "அவசரம்னா பறந்து போ!" என்று கத்தினாள். அப்படிக் கத்தி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தொண்டைக்கு இதமாக இருந்தது.

பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"பிறந்தநாள் அதுவுமா," என்றாள், "ரொட்டிய முழுசாக்கூட தின்னல அவன்."

ஷானாவுக்குச் சாலையோரத்தில் வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கவும் இடமில்லை, முன்னால் வளைவு.

"அழுறதுன்னா அழுங்க," என்றாள். "ஆனா அந்த முள்ளைப் பாத்துக்கிட்டே அழுங்க. நான் ரோட்டைப் பாக்கணும்."

ஆர்டிஸ் முள்ளைப் பார்த்துக்கொண்டே அழுதாள். "பாதியிலதான் நிக்குது," என்று இடையிடையே சொன்னாள். "இன்னும் பாதியிலதான்."

கணவாயின் உச்சியில் மரங்களே இல்லை. காற்றும் பாறையும் மட்டும். அங்கே ஷானா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்னவோ. இரண்டாவது கியருக்கு மாற்றினாள். இன்ஜின் ஊளையிட்டது.

இறக்கம் கென்ட் சொன்னதைவிட மோசமாக இருந்தது. சுவர் மாதிரிப் பாறை ஒரு பக்கம், மறுபக்கம் வெறும் ஆகாயம். மிதித்தாள், விட்டாள். மிதித்தாள், விட்டாள். பின்னால் அலமாரி திறந்து தட்டுகள் உருண்டன. பாதி வழியில் கருகிய நாற்றம் வந்தபோது, ஓரமாக ஒதுங்க இடம் பார்த்து நிறுத்தினாள். சக்கரங்கள் ஆறும்வரை இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"அவன்கிட்ட சொன்னது தப்புதான்," என்றாள் ஆர்டிஸ்.

"ஆமா, தப்புதான்."

"அடுத்த வருஷமும் போன் பண்ணுவேன்."

"பண்ணுங்க. எங்க இருக்கோம்னு மட்டும் சொல்லாதீங்க."

ஆர்டிஸ் அவள் பக்கம் திரும்பினாள். "அடுத்த வருஷமும் சேர்ந்துதான் இருப்போமா?"

ஷானா பிரேக்கை விடுவித்தாள். "பிடிக்கலைன்னா இப்பவே இறங்கிக்குங்க. நல்ல இடம்தான்."

ஆர்டிஸ் கீழே பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்துவிட்டு, சீட் பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

*

வில்லோ பாருக்குள் சீமாட்டி நுழைந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. ஆற்றுச் சத்தம் கேட்டது. முகாம் பொறுப்பாளர் ஃப்ரீடா, பச்சைத் தொப்பி போட்ட ஒல்லியான பெண், வாசலில் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். கரியும் புழுதியும் பூசிய ஷானாவையும் பார்த்தாள்.

"இதுலயா கணவாயைத் தாண்டி வந்தீங்க?"

"இதுலதான்."

"ஐடஹோக்காரங்க ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க."

"மறுபடி பண்ணினா?"

"ஆள் வந்தாச்சுன்னு சொல்லிடுறேன்." ஃப்ரீடா சாவிக்கொத்தை நீட்டினாள். "ஆத்தோரம், கடைசி இடம் உங்களுது. உங்க ஆளு முன்னாடியே வந்து அங்கதான் உக்காந்திருக்கா."

"என் ஆளா? யாரு?"

"பேர் சொல்லல. உங்க குடும்பம்னு சொன்னா."

ஷானா ஆர்டிஸைப் பார்த்தாள். ஆர்டிஸ் உதட்டைப் பிதுக்கினாள். "நான் வேற யாருக்கும் போன் பண்ணலடியம்மா. சத்தியமா."

ஆற்றங்கரைக் கடைசி இடத்தில் ஒரு மரமேஜை. அதன் மேல் ஒரு பெண் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய சூட்கேஸ். வண்டி வருவதைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, நிறுத்த வேண்டிய இடத்தின் நட்டநடுவில் வந்து நின்றாள்.

ஷானா அவளை நேரில் பார்த்ததில்லை. போட்டோவில் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைதான். ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

"யாரு அது?" என்றாள் ஆர்டிஸ்.

"மிஸ்டி."

ஷானா கண்ணாடியை இறக்கினாள். மிஸ்டி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். முகம் வீங்கியிருந்தது. தூக்கமில்லாத வீக்கம்.

"காலைல கென்டோட போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு," என்றாள் அவசரமாக. "இந்த இடத்துப் பேர் அப்பதான் காதுல விழுந்துச்சு. அவன் உங்களைத் தேடிக் கிளம்பினதும் நான் அவனை விட்டுட்டு வடக்கு ரோட்டைச் சுத்தி இங்க வந்துட்டேன். எனக்குப் போக வேற இடம் தெரியல. என்னைத் திட்டுங்க, என்ன வேணா பண்ணுங்க. ஆனா நான் இங்க இருக்கேன்னு அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

 

ஷானாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க அவளை யார் யாரோ மறித்துவிட்டார்கள்: மலை, குழாய், முன்னாள் கணவன், இழுவை வண்டி. இப்போது இவள்.

"மிஸ்டி," என்றாள். "முதல்ல அந்த இடத்தை விட்டு நகரு. நான் என் வீட்டை நிறுத்தணும்."